குசினி உடைக்கும் வீட்டில் சின்னப்பிள்ளை: மலையகப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குசினியை உடைத்துக் கட்டுவது என்று முடிவானதும் எல்லோர் தலையிலும் ஓடுவது ஒரே கணக்குதான். சீமெந்து எத்தனை மூட்டை, மணல் எத்தனை கியூப், மேசன் பாஸுக்கு நாள் சம்பளமா கொந்தராத்தா? வீட்டில் ஒன்றரை வயதிலோ இரண்டரை வயதிலோ ஒரு பிள்ளை ஓடித் திரிந்தால் அதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு வேறு இருக்கிறது. வேலை நடக்கிற நாட்களில் பிள்ளை எங்கே சாப்பிடும், எங்கே தூங்கும், யார் கண்ணில் இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காமல் முதல் கல்லைப் பெயர்க்க விடக்கூடாது.

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: பகலில் வீடு பாஸுடையதாக இருக்கட்டும், மாலை ஐந்து மணிக்கு அது மறுபடி பிள்ளையின் வீடாகிவிட வேண்டும். நாளைக்குத் தொடரப் போகிற வேலைதானே என்று எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போகும் வீடுகளில்தான் பெரும்பாலான ஆபத்து கிடக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

முதலில் மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

தோட்டப்பக்கம் நிறையப் பேர் குசினி வேலையைத் தொடங்குவது தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்ததும்தான். பணம் வருகிற நேரம் அது, புரிகிறது. ஆனால் ஒக்டோபரும் நவம்பரும் மலைநாடு முழுவதும் கொட்டித் தீர்க்கிற மாதங்கள். கூரையைப் பிரித்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் இரண்டு நாள் வேலை இரண்டு வாரமாகும். அந்த இரண்டு வாரமும் பிள்ளை ஈரச் சுவருக்குப் பக்கத்தில் கிடந்து சளி, இழுப்பு என்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டிவரும்.

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, கினிகத்தேனைப் பக்கம் என்றால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. உங்களுக்கு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் கதை வேறு. அங்கே வடகீழ்ப் பருவமழை டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை இருக்கும், அதனால் ஜூன், ஜூலை, ஓகஸ்ட்தான் காய்ந்த மாதங்கள். ஏப்ரலில் தொடங்கவே வேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும் பாஸ் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பாதி உடைத்த குசினியோடு பிள்ளையை வைத்துக்கொண்டு காத்திருப்பது கொடுமை.

தீபாவளி அட்வான்ஸைச் செலவழித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தால் அந்தப் பணத்தில் டைல்ஸ், சிங்க், பைப் சாமான்களை வாங்கி வைத்துவிடலாம். அவை கெட்டுப்போகாது. சீமெந்து மட்டும் வாங்கி வைக்க வேண்டாம். நம் மூடுபனிக்கு அது மூட்டைக்குள்ளேயே கட்டி தட்டிப்போகும். வேலை தொடங்குகிற வாரத்தில் எடுத்து, தரையில் படாமல் பலகைமேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். பிள்ளை ஏறி விளையாட முடியாத இடமாகவும் அது இருக்கட்டும். ஒரு மூட்டை 50 கிலோ. சரிந்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அனுமதியும் பின்பக்க மண்மேடும்

லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருப்பவர்கள் பொதுச்சுவரிலோ கூரையிலோ கைவைக்க முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பராவிலும் பேசிவிடுங்கள், அங்கேயும் பிள்ளைகள் இருப்பார்கள். 7 பேர்ச் காணியில் கட்டிய தனிவீட்டுக்காரர்கள் பின்னால் இழுத்துக் கட்டுவதாக இருந்தால் பிரதேச சபையில் விசாரிக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசும் கேட்பார்கள். அலைச்சல்தான், ஆனாலும் தட்டிக்கழிக்க வேண்டாம்.

ஏனென்றால் நம் வீடுகளில் குசினி இருப்பது பெரும்பாலும் பின்பக்கம், மண்மேட்டை ஒட்டி. இன்னும் மூன்றடி கிடைத்தால் நன்றாயிருக்குமே என்று அந்த மேட்டைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் நடந்ததும் கண்முன்னே நிற்கிறது. மேட்டில் புதிதாக வெடிப்பு, திடீரென்று ஊறும் கலங்கல் தண்ணீர், சாய்ந்த மரம், இறுகிப்போய்த் திறக்காத கதவு, இதில் எது கண்ணில் பட்டாலும் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளையோடு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. குசினி மூன்றடி குறைந்தாலும் சமைக்கலாம்.

தற்காலிகக் குசினி: உடைப்பதற்கு ஒரு வாரம் முன்பே

பலர் உடைக்கிற அன்று காலையில்தான் அடுப்பைத் தூக்கி எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். ஒரு வாரம் முன்பே தற்காலிகக் குசினியைப் போட்டு அதில் சமைத்துப் பழகுங்கள். எந்தச் சாமான் இல்லாமல் கை கட்டிப்போகிறது என்பது அந்த வாரத்தில் தெரிந்துவிடும். பிள்ளைக்கும் பழைய குசினி இருக்கும்போதே புதிய இடம் பழகிவிடும்.

இடம் என்றால் இஸ்தோப்பு (முன் விறாந்தை), அது இல்லாவிட்டால் முன்னறையின் ஒரு மூலை. படுக்கையறை வேண்டவே வேண்டாம். இஸ்தோப்பில் காற்றும் சாரலும் அடிக்கிற பக்கத்தைத் தகரத்தாலோ தடித்த பொலித்தீனாலோ மறைத்து, மற்றப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்வான மூலையில் தேங்கும். பிள்ளை உட்கார்ந்து விளையாடுவதும் அந்தத் தரையில்தான். அதனால் சிலிண்டரைச் சுற்றிக் காற்று ஓடவேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூடுவது ஒருவருடைய பொறுப்பாக இருக்கட்டும். இன்னார்தான் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

அடுப்பு மேசையின் உயரம் பிள்ளையின் கைக்கு எட்டாதிருக்க வேண்டும், அதோடு மேசைமேல் துணி விரிக்கக்கூடாது. தொங்குகிற துணியைப் பிடித்து இழுப்பது இரண்டு வயதுப் பிள்ளையின் இயல்பு. சட்டியின் கைப்பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். ரைஸ் குக்கர், கேத்தல் வயர்களும் தொங்கக்கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன் கோடில் கேத்தலையும் ரைஸ் குக்கரையும் சேர்த்துப் போட வேண்டாம், சூடேறும். வீட்டில் மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று வேலை தொடங்குமுன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஈரக் கையோடு பாஸ்மார் கிரைண்டர் பிடிக்கப் போகிற வீடு இது.

விறகடுப்பை வெளியே போடுகிறவர்கள் மூன்று கல்லை வைத்துத் தரையில் எரிக்காமல், புளொக் கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த குச்சி) சடசடவென்று பற்றிப் பொறி பறக்கும், பிள்ளையின் கம்பளிச் சட்டை பக்கத்தில் இருக்கக்கூடாது. இதை அழுத்திச் சொல்லவேண்டும்: குளிர் தாங்காமல் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்காதீர்கள். கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, புகையுமில்லை. நுவரெலியாக் குளிரில் அறைக்குள் கரி வைத்துத் தூங்கி எழும்பாமலே போனவர்கள் இருக்கிறார்கள். குசினி அடுப்பு இல்லாத நாட்களில் வீடு வழக்கத்தைவிடக் குளிரும், அது உண்மைதான். அதற்குக் கம்பளி, காலுறை, சுடுதண்ணீர் போத்தல் போதும்.

சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள். மலைக்கு மேலே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும். பருப்பும் கடலையும் வேக நேரமாவது அதனால்தான். ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு திண்டாடும் நாட்களில் பிரஷர் குக்கர் ஒன்று கையில் இருந்தால் பாதிப் பாரம் குறையும். காலையில் குழையச் சோறு, பருப்பு, கரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு முறை இறக்கினால் பிள்ளையின் பகல் சாப்பாடு முடிந்தது. பத்து மணிக்குத் திரிபோஷா உருண்டை, வாழைப்பழம். இரவுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். பெரியவர்களுக்குச் சில நாள் கடைப் பாணும் சம்பலும் போதும். பிள்ளையின் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்ற வேண்டாம், சுற்றிலும் எல்லாம் மாறுகிற நாட்களில் அது பிடித்துக்கொள்ளும் ஒரே கயிறு அந்த நேரம்தான்.

குடிதண்ணீரை முதல்நாள் இரவே கொதிக்க வைத்து ஆறவிட்டு மூடி வையுங்கள். பைப் வேலை நடக்கிற நாளில் தண்ணீர் வெட்டப்படும், பீலிக்குத்தான் போகவேண்டிவரும். அப்படிப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாஸ்மாருக்குப் பிளேன்டீ ஊற்றுகிற பிளாஸ்க், தேங்காய் திருவலை, மிளகாய்த்தூள் போத்தல் மூன்றும் வழக்கமாகக் குசினிக்குள் ஒளிந்திருந்த சாமான்கள். இப்போது நடுவீட்டுக்கு வந்துவிட்டன. உயரமான இராக்கை ஒன்றில் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

சுட்டுவிட்டால்: ஓடுகிற தண்ணீரில் அந்த இடத்தை மட்டும் 20 நிமிடம் பிடிக்கவேண்டும். நம் குளிரில் பிள்ளை விறைத்துவிடாமல் மற்ற உடம்பைப் போர்த்திக்கொள்ளுங்கள். பற்பசை, பட்டர், மஞ்சள் எதுவும் பூசக்கூடாது. பெரிய காயம், முகம், கை, மறைவிடம் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வளைவு வளைவாக ஏறிவர நேரமெடுக்கும் தோட்டங்களில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டிக்காரரின் இலக்கத்தையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பிள்ளைக்கு ஓர் அறை, பிள்ளைக்கு ஓர் ஆள்

வேலை நடக்கிற பக்கத்திலிருந்து தள்ளியுள்ள ஓர் அறையைப் பிள்ளைக்கென்று ஒதுக்குங்கள். அதற்குள் ஒரு ஆணிப்பெட்டி, ஒரு பெயின்ட் வாளிகூட வரக்கூடாது. குசினி வாசலில் இரண்டரை அடி உயரத்துக்குப் பலகையால் அரைக்கதவு போட்டு, கொக்கியை வேலைப்பக்கம் வையுங்கள். அதற்கு மேலே தடித்த பொலித்தீனை நிலையோடு ஒட்டி, இரண்டு துண்டாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தொங்கவிட்டால் தூசி முக்கால்வாசி அங்கேயே நின்றுவிடும். கீழே ஈரச்சாக்கு. மிதித்து வருகிறவர்களின் கால் மண் அதில் தங்கும். அதைத் தினமும் அலசவேண்டும்.

லயத்துக் காம்பராவில் ஒதுக்க அறை ஏது என்பீர்கள். அங்கே தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராதான் கைகொடுக்கும். வேலை தொடங்குவதற்கு இரண்டு வாரமாவது முன்பே பிள்ளையை அனுப்பிப் பழக்குங்கள். வீட்டில் சுவரை இடிக்கும் அதே வாரத்தில் புது இடத்திலும் கொண்டுபோய் விட்டால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் அந்நியமாகிவிடும். அம்மாயி வீடு பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இரவுக்குப் பிள்ளை தாய் தகப்பனோடு வந்து சேரட்டும். நீண்ட வேலையில் வாரக்கணக்கில் பிரித்து வைத்துத் திரும்பக் கூட்டிவரும்போது, அது அம்மாவின் சேலையைப் பிடித்தபடியே நிற்கும்.

வீட்டில் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒருவர் பொறுப்பு. "எல்லாரும்தானே இருக்கிறோம்" என்கிற வீட்டில் பிள்ளையைப் பார்ப்பவர் யாருமில்லை என்றுதான் அர்த்தம். காலை எட்டிலிருந்து பத்து வரை அம்மாயி, பத்திலிருந்து பகல் வரை அம்மா என்று பிரித்துக்கொள்ளுங்கள். கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இப்ப நீங்க பாருங்க."

பாஸோடு முதல் நாளே பேசவேண்டியவை

விலை பேசும்போதே இதையும் பேசிவிட்டால் பின்னால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நல்ல பாஸ் யாரும் கோபிக்கமாட்டார், அவர் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு.

தின்னர், டேர்பன்டைன், மண்ணெண்ணெய், அசிட் எதையும் சோடாப் போத்தலிலோ குடிதண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றி வைக்கக்கூடாது. எவ்வளவு கொஞ்சம் என்றாலும், எவ்வளவு நேரத்துக்கு என்றாலும் கூடாது. பிள்ளை போத்தலைப் பார்த்துத்தான் குடிக்கும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும், அசிட் என்றால் போன வழியே திரும்பவும் சுடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

டைல்ஸ் வெட்டுவது வெளியே, தண்ணீர் விட்டபடி. காய்ந்த டைல்ஸை வெட்டும்போது பறக்கும் வெள்ளைத் தூசி நெஞ்சுக்குக் கெடுதல், பாஸுக்கும்தான். பகல் தூக்கத்துக்கு ஒரு மணி நேரம் கிரைண்டர் சத்தம் இல்லாமல் கேட்டு வாங்குங்கள். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை அவர்கள் சாப்பிட்டு இளைப்பாறும் நேரத்தோடு அதைச் சேர்த்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. கடைசி அரை மணி நேரம் கூட்டி ஒதுக்குவதற்கு என்றும் பேசிக்கொள்ளுங்கள், அதற்கும் சம்பளம் உண்டு என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கனமான எதையும் இறக்கவோ தூக்கவோ முன் பாஸ் குரல் கொடுப்பார்: "தங்கச்சி, சின்னவன தூக்கிக்கங்க, பலக எறக்கப் போறோம்." உள்ளேயிருந்து "தூக்கிட்டேன் பாஸ்" என்று பதில் வரும்வரை கையாட்கள் அசையமாட்டார்கள். பதில் வராவிட்டால் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். இரண்டே நாளில் சின்னவனே அந்தக் குரல் கேட்டதும் கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவரப் பழகிவிட்டான். மணல் லொறி பின்னுக்கு வரும் நேரத்துக்கும் இதே ஒழுங்குதான். நம் பாதைகளில் லொறி வாசல்வரை வராது, மேலே ரோட்டில் கொட்டிவிட்டுப் படியில் தலைச்சுமையாக இறக்குவார்கள். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை கதவுக்கு உள்ளே இருக்கவேண்டும்.

உடைக்கிற நாள்

அன்றைக்குப் பிள்ளை வீட்டில் இருக்கவே கூடாது.

முந்தின நாள் கூரையின் உட்பக்கத்தை டோர்ச் அடித்துப் பாருங்கள், குளவிக்கூடு இருக்கிறதா என்று. தேயிலைத் தோட்டத்தில் குளவி என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். கூடு இருந்தால் பழக்கமுள்ளவரைக் கொண்டு அகற்றிய பிறகுதான் கூரையில் கைவைக்கவேண்டும். பழைய அடுப்படியைப் பெயர்க்கும்போது பூரான், தேள், எலி எல்லாம் இடம் தேடி வீட்டுக்குள் வரும். கதவுக்கு அடியில் துணி சுருட்டி வையுங்கள், அன்றிரவு பிள்ளையின் படுக்கையை உதறிப்போடுங்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் தகடு என்றால் மிகுந்த கவனம் வேண்டும். அதன் நார் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் பல பத்து வருடம் கழித்துத்தான் தலைகாட்டும், அதனால் நம்மைவிடப் பிள்ளைக்குத்தான் அது பெரிய ஆபத்து. 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியை நிறுத்த இலங்கை முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸை நமக்கு விற்றுவந்த ரஷ்யா நம் தேயிலையை வாங்குவதைத் தற்காலிகமாக நிறுத்தியதும் அந்த முடிவு பின்வாங்கப்பட்டது. ஒரு சரக்கில் வண்டு இருந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். தேயிலைக்காரர்களான நம் வீட்டுக் கூரைகளிலேயே அந்தத் தகடு இன்னும் இருப்பதை நினைத்தால் எனக்கு மனது கனக்கிறது.

தகட்டை இறக்கும் முறை இதுதான். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்கவேண்டும். ஆணியையோ ஸ்குரூவையோ கழற்றி முழுத் தகடாக இறக்கவேண்டும், சுத்தியலால் தட்டி உடைக்கக்கூடாது, மேலிருந்து வீசக்கூடாது. உடைந்த துண்டுகளை ஈரத்தோடு பொலித்தீனில் சுற்றிக் கட்டுங்கள். விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே பொலித்தீனுக்குள் போட்டுவிடுங்கள். வேலை செய்தவர்கள் உடுப்பு மாற்றிக் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தூக்கவேண்டும். இறக்கிய தகட்டைக் கோழிக்கூட்டுக்கும் வேலிக்கும் வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை வரும். பிள்ளை விளையாடும் பக்கம் அது வரவே வேண்டாம்.

பழைய சுவரிலும் கதவிலும் உள்ள எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டவோ உப்புத்தாள் போடவோ விடாதீர்கள், நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். உதிர்ந்த செதில்களைப் பொறுக்கி வாயில் போடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

தண்ணீர் பரலும் ஈரச் சீமெந்தும்

எல்லோரும் ஆணிக்கும் பிளேடுக்கும் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் கட்டட வேலை நடக்கும் வீட்டில் முதல் எதிரி தண்ணீர் நிறைந்த பாத்திரம். சீமெந்து குழைக்க ஒரு பரல், டைல்ஸ் ஊறவைக்க ஒரு பேசன், கரண்டி கழுவ ஒரு வாளி. நடை பழகிய பிள்ளைக்குத் தலை கனம். எட்டிப்பார்த்துக் குப்புற விழுந்தால் தானாக எழும்ப முடியாது. நாலு விரல் ஆழத் தண்ணீர் போதும், சத்தமும் வராது. பரலுக்கு மூடியும் மூடிமேல் ஒரு புளொக் கல்லும் வையுங்கள். மற்ற எல்லாப் பாத்திரமும் மாலையில் கவிழ்ந்திருக்க வேண்டும். நாளைக்கு வேண்டுமே என்று தண்ணீரைச் சேமிக்காதீர்கள்.

ஈரச் சீமெந்து தோலைச் சுடும். உடனே எரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் சிவந்து புண்ணாகும். பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி, ஈரமான உடுப்பைக் கழற்றிவிடவேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் குளிரில் கொங்கிரீட் இறுகத் தாமதமாகும். பென்ட்ரித் தட்டுக்குக் (கொங்கிரீட் சமையல் மேடைக்கு) கீழே கொடுத்த முட்டுக்களைப் பாஸ் சொல்லும்வரை எடுக்கக்கூடாது, அதுவரை பிள்ளை அதற்குள் நுழைந்து ஒளிந்து விளையாடாதபடி பலகை அடித்துவிடுங்கள்.

மணல் குவியலை இரவில் பொலித்தீன் போட்டு மூடுங்கள். மழையில் அடித்துப் போகாது என்பதோடு, பூனைகள் அதைக் கக்கூசாக்காமலும் இருக்கும். காலையில் அதே மணலில்தான் பிள்ளை உட்காரும்.

மாலை ஐந்து மணி

பாஸ் போனதும் அரைக்கதவைத் திறக்காமல், முதலில் நீங்கள் மட்டும் உள்ளே போங்கள். ஈரத்தரையில் டோர்ச்சைக் கிட்டத்தட்டத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் சின்ன ஆணியும் நீளமாக நிழல் விழுத்தும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத டைல்ஸ் சில்லு, ஸ்குரூ, வயரின் செப்புத் துண்டு, அறுத்த பைப்பின் விளிம்பு எல்லாம் அப்போது கண்ணில் படும். முழங்காலில் நின்று பிள்ளையின் கண் உயரத்துக்கு இறங்கி ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மேலே தெரியும் வயர் முனைகளுக்கு டேப், திறந்த பிளக் பொயின்ட்டுகளுக்கு மூடி. ஏணி படுக்கையாக இருக்கவேண்டும், சாய்ந்து நிற்கக்கூடாது. பிறகு ஈரத்துணியால் வீடு முழுக்க ஒரு துடைப்பு. அதன் பிறகு அரைக்கதவைப் பூட்டிவிட்டு, மற்ற வீட்டை முழுசாகப் பிள்ளைக்கு விடுங்கள்.

ஆணி குத்துகிற காலம் என்பதால் குழந்தையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். 18 மாதத்தில் போடும் முக்கூட்டுத் தடுப்பூசி தவறியிருந்தால் வேலை தொடங்குமுன் கிளினிக்கில் போட்டுவிடலாம். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளையின் மனது

சத்தமும் அந்நிய முகங்களும் சேர்ந்தால் சில பிள்ளைகள் இரவில் திடுக்கிட்டு எழும்பும், விட்ட பாலை மறுபடி கேட்கும், சொல்லிக்கொண்டிருந்த மூத்திரத்தைச் சொல்லாமல் போய்விடும். அடிக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். வேலை முடிந்து சில வாரத்தில் தானாகச் சரியாகும். உடைப்பதற்கு முதல்நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினியைச் சுற்றிக் காட்டி, "நாளைக்குப் பாஸ் மாமா வந்து இத உடைச்சி, புதுசா கட்டித் தருவாரு" என்று சொல்லுங்கள். பாதிதான் விளங்கும், அந்தப் பாதியே உதவும்.

வேலையைப் பார்க்கவேண்டும் என்ற ஆசையை அடக்கினால் பிள்ளை கள்ளமாக நுழையும். ஒரு நாளைக்கு இரண்டு முறை, கிரைண்டர் நின்றிருக்கும் நேரத்தில், இடுப்பில் தூக்கிவைத்து அரைக்கதவுக்கு வெளியே நின்று காட்டுங்கள். முற்றத்தில் ஒரு பேசனில் அலசிய மணலும் பழைய கரண்டியும் கொடுத்துவிட்டால் அதுவும் வேலை செய்யும். எங்கள் சின்னவன் அப்படித்தான் பகல்வரை "கொங்கிரீட் போட்டுக்கொண்டு" இருப்பான்.

கட்டும்போதே கேட்டு வாங்குங்கள்

சுவர் எழும்புகிற நேரத்தில் சொன்னால் செலவில்லாமல் முடியும் காரியங்கள் இவை. பிளக் பொயின்ட் எல்லாம் மேடைக்கு மேலே. கேஸ் சிலிண்டருக்கு வெளிச்சுவரில் காற்றோட்டமுள்ள கூண்டு. அடுப்பு, மேடையின் ஓரத்தில் வராமல் நடுவில். விறகடுப்பு வைப்பவர்கள் புகைபோக்கியைச் சின்னதாக்கிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், அடுப்படியில் குளிர்காய்ந்தபடியே வளரும் பிள்ளைகளின் நெஞ்சு அந்தப் புகையில்தான் கெடுகிறது. தரைக்கு மினுங்காத, சொரசொரப்பான டைல்ஸ். கீழ் அலுமாரி ஒன்றுக்காவது பூட்டு. இன்னொன்றைப் பூட்டாமல் விட்டு, அதற்குள் பிளாஸ்டிக் கோப்பை, மரக்கரண்டி மட்டும் போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சமைக்கும்போது அது தன் அலுமாரியோடு இருக்கும்.

பெயின்ட் காய்ந்த பிறகு

மூடுபனி நாட்களில் பெயின்ட் காய டின்னில் போட்டிருக்கும் நேரத்தைவிட அதிகமாகும். மணம் அடங்கும்வரை ஜன்னலைத் திறந்து போட்டு, பிள்ளையை அடுத்த அறையில்கூடப் படுக்க வைக்காமல் இருப்பது நல்லது. பால் பொங்கவைத்து அடுப்பேற்றிய அன்றே தற்காலிகக் குசினியைக் கலைத்துவிட வேண்டாம். ஒரு வாரம் இரண்டும் இருக்கட்டும். புது சிங்க்கில் கசிவு, புது பொயின்ட்டில் ட்ரிப், புகைபோக்கியில் எதிர்க்காற்று எல்லாம் அந்த வாரத்தில்தான் தெரியவரும். பாஸுக்குக் கடைசித் தவணையையும் அதுவரை நிறுத்திவைக்கலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வாசலில் அடித்த அரைக்கதவை மட்டும் கழற்றாதீர்கள். பிள்ளைக்கு மூன்று வயது தாண்டும்வரை அது அங்கேயே இருக்கட்டும். பலகையை இழைத்து ஒரு பூச்சுப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் பாஸ் போகிற போக்கில் முடித்துவிடுவார்.